பத்துத் தட்டு வால்ட்ஸ்

தன் பாட்டைத் தானே தப்பாகப் பாடியவர் என்று எங்கள் ஊரில் ஒரு மனிதருக்குப் பெயர் உண்டு. பாட்டை எழுதியவர் அவர். மெட்டுப் போட்டவர் அவர். ரெக்கார்டில் பாடியிருப்பவரும் அவரேதான். இருந்தாலும் தப்பாகப் பாடினார். யார் சொன்னது? பெர்னிஸ் ஹ்ருஷ்கா சொன்னாள். டெக்சாஸ் மாநிலத்தில் எந்தக் கோர்ட்டுத் தீர்ப்புக்கும் அப்பீல் உண்டு, பெர்னிஸ் சொன்னதற்குக் கிடையாது.

நான் லிடியா மாரெக். வாரத்தில் ஆறு நாள் மாட்டுத் தீவனக் கடையில் மூட்டை புரட்டுகிறேன். ஞாயிறு மதியம் லிபோவா நடன மண்டபத்தில் டிரம்ஸ் வாசிக்கிறேன். டிரம்ஸ்காரிக்குத்தான் ஒரு ஊரின் லட்சணம் முழுதாகத் தெரியும். பாடுகிறவன் உருகிப்போய்க் கண்ணை மூடிக்கொள்வான். அக்கார்டியன் வாசிக்கும் என் வீட்டுக்காரன் எர்வின், விரல்கள் ஓடிப்போய்விடுமோ என்று அவற்றையே பார்த்துக்கொண்டிருப்பான். எவன் எவள் காலை மிதித்தான், மிதித்தபின் எந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான் என்பதெல்லாம் பின்னால் உட்கார்ந்திருக்கும் எனக்கு மட்டும்தான் தெரியும்.

எங்கள் மண்டபத்தில் யாரும் கைதட்டமாட்டார்கள். பாட்டு பிடித்தால் ஆடுவார்கள், பிடிக்காவிட்டால் சுவரோரப் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். பெஞ்சு நிறைந்துவிட்டால் பாடகர் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு ஊர் பார்க்க வேண்டியதுதான். முதலில் எழுந்து ஆடுகிறவளும் பெர்னிஸ், முதலில் போய் உட்காருகிறவளும் பெர்னிஸ். செம்மறி ஆட்டுக்கூட்டம் மாதிரி மற்றவர்கள் பின்னாலேயே போவார்கள். அவளுக்கு அறுபத்திரண்டு வயது, முட்டி வலி வேறு. ஆனாலும் தரையில் இறங்கிவிட்டால் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்தப் பாட்டின் பெயர் ‘விளக்கை அணைக்காதே’. ஜோடியாகச் சுழன்று ஆடும் நிதானமான வால்ட்ஸ். வால்ட்ஸ் என்றால் மூன்று மூன்றாகத் தட்டு விழ வேண்டும் என்பது உலக வழக்கம். பல்லவியின் கடைசி அடிக்கு அப்படி நான்கு மூன்று, ஆக மொத்தம் பன்னிரண்டு. ஊர் உலகத்துக்கெல்லாம் பன்னிரண்டு, லிபோவாவுக்கு மட்டும் பத்து. மூன்று, மூன்று, மூன்று, அப்புறம் ஒற்றைத் தட்டில் ஒரு குதிப்பு. குதித்து இறங்கிய கையோடு அடுத்த அடி ஆரம்பித்துவிடும். இதற்கு ‘லிபோவா குதிப்பு’ என்று பெயர். வெளியூர்க்காரர்கள் யாராவது ஆட வந்தால் அந்த இடத்தில் கட்டாயம் தடுமாறுவார்கள். நாங்கள் பெருந்தன்மையாகச் சிரித்துக்கொள்வோம்.

இந்த அற்புதம் எங்கிருந்து வந்தது தெரியுமா? மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆல்வின் யானக்கின் பூட்ஸ் காலிலிருந்து வந்தது. ரெக்கார்டு வந்த புதிதில் காசு போட்டால் ரெக்கார்டைப் பாடவைக்கும் ஜூக்பாக்ஸ் பெட்டி மக்கர் செய்ய, ஆல்வின் தனக்குத் தெரிந்த ஒரே ரிப்பேரைச் செய்தான். உதைத்தான். ஊசி ரெக்கார்டின் குறுக்கே கீறிக்கொண்டு போனது. அதிலிருந்து அந்தப் பாட்டில் ஊசி இரண்டு இடத்தில் தாவும். இரண்டும் பல்லவியின் கடைசி அடியில், ஆண்டவன் அளந்து பார்த்துக் கீறினமாதிரி. ஒவ்வொரு தாவலிலும் இரண்டு தட்டு போய்விடும். ஊரில் அந்தப் பாட்டைக் கேட்க வேறு வழி இல்லை, எந்த வானொலியும் அதைப் போட்டதில்லை. ஆகவே தாவல்தான் பாட்டு என்று ஆகிவிட்டது. அதற்கேற்றபடி கால்கள் பழகின, பிள்ளைகள் பழகினார்கள், அந்தப் பிள்ளைகளின் கல்யாணங்களிலும் எல்லாரும் சேர்ந்து குதித்தார்கள்.

ஒருமுறை ஆல்வின் புத்தி தெளிந்து புது ரெக்கார்டு வரவழைத்தான். ஒரே ஒரு தடவைதான் போட்டான். குதித்த இடத்தில் பாட்டு குதிக்கவில்லை, முப்பது ஜோடியும் ஒருவர்மேல் ஒருவர் போய் விழுந்தார்கள். பெர்னிஸ் எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டு சொன்னாள்: “இது ஓட்டை ரெக்கார்டு. நடுவுல எவ பேரையோ வேற ஒட்டி வெச்சிருக்கானுங்க. திருப்பி அனுப்புடா ஆல்வின்.” அனுப்பிவிட்டான். பழுதான ரெக்கார்டை வைத்துக்கொண்டு, நல்ல ரெக்கார்டைப் பழுது என்று திருப்பி அனுப்பிய ஊர் இந்த உலகத்தில் வேறு இருந்தால் சொல்லுங்கள், நான் அங்கே குடிபோகிறேன். கீறல்தான் காரணம் என்று நான் அப்போதே சொன்னேன். “உனக்கு என்னடி தெரியும், நீ உக்காந்தே இருக்கறவ” என்றாள் பெர்னிஸ்.

போதாததற்கு ஆஸ்டினிலிருந்து ஒரு ஆராய்ச்சிக்காரர் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூன்று நாள் தங்கினார், கசகசா வைத்த கொலாச்சி பன்களைக் கணக்கில்லாமல் தின்றார். கடைசியில் இந்தப் பத்துத் தட்டு எங்கள் முன்னோர் செக் தேசத்து மொராவியா மலையிலிருந்து கப்பலில் கொண்டுவந்தது என்று எழுதிவிட்டுப் போனார். ஆல்வினின் பூட்ஸ் எந்தக் கப்பலில் வந்ததோ! அன்று முதல் பெர்னிஸைக் கையில் பிடிக்க முடியவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஆல்வினுக்கு அந்த யோசனை வந்தது. மாதாகோயில் திருவிழா ஞாயிறன்று, அந்தப் பாட்டைப் பாடிய ராய்ஸ் டிட்வெல்லையே நேரில் வரவழைத்துவிட்டால் என்ன?

வந்தார். லபக் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஏ.சி. ரிப்பேர் செய்கிறாராம். எழுபதை நெருங்கிய ஒல்லி மனிதர், சட்டையில் இஸ்திரி மடிப்பு கத்திபோல நின்றது. கூடவே அவர் மனைவியும் வந்தார். நீல கவுன், காதில் முத்து, கல்யாண வீட்டுக்கு வருகிறமாதிரி அலங்காரம். முகத்தில் மட்டும் பல் டாக்டரிடம் வந்த களை.

“லிடியாவா? இவதான் ரூத்” என்றார் ராய்ஸ், ஏதோ மகாராணியைக் காட்டுவதுபோல. “அந்த ரூத்.”

எந்த ரூத் என்று எனக்கு விளங்கவில்லை. மரியாதைக்குத் தலையாட்டினேன்.

“இவர் சொல்றத நம்பாதீங்க” என்றார் அந்த அம்மா. “அம்பத்தெட்டுல இவர் ஊர் ஊரா பாடப் போறேன்னு என்னைய விட்டுட்டுச் சுத்தினார். நான் பெட்டியைக் கட்டி வாசல்ல வெச்சிட்டேன். அதுக்கப்புறம்தான் இந்தப் பாட்ட எழுதிக் கொண்டாந்தார். சரி போனாப் போகுதுன்னு பெட்டியைப் பிரிச்சேன். எவன் கேட்டான் அந்தப் பாட்ட? ஒரு நாய் கேக்கல.”

“இந்த ஊரு கேட்டுச்சு ரூத். ரெக்கார்டு விக்கறவனே சொன்னானே.”

“முப்பது வருஷமா இதையேதான் சொல்றார். லிபோவான்னு ஒரு ஊராம், அங்க ஊரே கூடி என் பேரச் சொல்லி ஆடுதாம். அதையும் பாத்துடலாம்னுதான் வந்தேன்.” சொல்லிவிட்டு, தொத்திறைச்சியும் உருளைக்கிழங்கும் எங்கே கொடுக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு போய்விட்டார்.

பெர்னிஸ் ‘எவ பேரோ’ என்று திருப்பி அனுப்பிய பேர் எது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ராய்ஸை மேடைக்குக் கூட்டிப்போய், “சார், எங்க ஊர்ல கடைசி அடிக்குப் பத்துத் தட்டுதான். அப்படியே வாசிச்சிடலாமா?” என்று பக்குவமாகக் கேட்டேன்.

“பத்தா? ஏம்மா, என் பாட்ட எனக்கே சொல்லித் தர்றியா?”

வாயால் சொல்லிப் பயனில்லை. மண்டபத்தில் யாரும் இல்லை, எல்லாரும் வெளியே சாப்பாட்டு வரிசையில் நின்றார்கள். ஜூக்பாக்ஸில் பாட்டைப் போட்டேன். தன் இளமைக் குரலைக் கேட்டு ராய்ஸ் முதலில் புன்னகைத்தார். பல்லவி வந்தது. “மழை விட்டதும் வருவேன், விளக்கை அணைக்காதே...” டிக். அடுத்த அடி. புன்னகை அப்படியே நின்றுபோனது. இரண்டாவது பல்லவி வந்தது. “விளக்கை அணைக்காதே...” டிக்.

“அவ பேரு எங்க?” என்றார்.

ஆல்வினின் பூட்ஸைக் காட்டவா? கீறலைக் காட்டினேன். அந்த மனிதர் ரெக்கார்டைக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே நின்றார். அந்தப் பாட்டில் ‘ரூத்’ என்று பாடும் இடமே இரண்டுதான். இரண்டையும் எங்கள் ஊசி தின்றுவிட்டிருந்தது. எங்கள் பாதிரியார் ஒருமுறை பிரசங்கத்தில்கூட இந்தப் பாட்டைச் சொல்லி, பாடகர் ஆண்டவரிடம்தான் விளக்கை அணைக்காதே என்று வேண்டுகிறார் என்று விளக்கினார். ராய்ஸிடம் அதை நான் சொல்லவில்லை, பாவம்.

“ரூத்துகிட்ட வாயத் திறந்துடாத” என்றார். “ஒரே ஒரு தடவை, ஒரு ஊரு அவ பேருக்கு ஆடறத அவ பாக்கணும். நான் வாங்கிக் குடுத்தது வேற ஒண்ணுமில்ல அவளுக்கு. நான் சரியாப் பாடறேன். கேட்டதும் உங்க ஜனங்களுக்குப் புரிஞ்சுடும்.”

“எங்க ஜனங்களுக்கா? புரிஞ்சுடுமா?” என்றேன்.

ஆல்வினிடம் முறையிட்டுப் பார்த்தேன். அவன் தரைக்குச் சோளமாவு தூவிக்கொண்டிருந்தான், கால் வழுக்கிப் போவதற்காக. “ஊரோட ஒத்துப் போகச் சொல்லு அந்தாள” என்றான். உதைத்தவன் சொல்லும் உபதேசம்!

இரண்டு மணிக்கு ஆட்டம் ஆரம்பித்தது. நாலைந்து வேகமான போல்கா மெட்டு வாசித்துச் சூடேற்றிய பிறகு ராய்ஸ் மைக் முன்னால் வந்து நின்றார். தரை முழுக்க ஜனம். பெர்னிஸ் தன் கணவன் லாடிஸின் தோளில் கைவைத்துக்கொண்டு நடுநாயகமாக நின்றாள். ரூத் மேடைக்குப் பக்கத்துப் பெஞ்சில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். மடியில் கைப்பை. பல் டாக்டர் களை கொஞ்சம் குறைந்திருந்தது.

அருமையாகப் பாடினார். குரலில் கரகரப்பு ஏறியிருந்தது, ஆனால் சுருதி அசையவில்லை. தரையில் எல்லாரும் தண்ணீர் ஓடுவதுபோல வழுக்கிக்கொண்டு போனார்கள். பல்லவி வந்தது. நான் எர்வினைப் பார்த்தேன், எர்வின் விரல்களைப் பார்த்தான். “விளக்கை அணைக்காதே...” ஊரே குதித்தது. ஊரே அடுத்த அடியை எடுத்து வைத்தது. ராய்ஸ் எடுத்து வைக்கவில்லை. “...ரூத்” என்று இரண்டு தட்டுக்கு நிதானமாக நீட்டினார்.

அப்புறம் நடந்தது நடனம் இல்லை, கலவரம். பாட்டு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். பேங்க் மேனேஜர் சோளமாவில் சறுக்கி மருந்துக்கடைக்காரர் மனைவியின் மடியில் போய் உட்கார்ந்தார். அவர் அதற்காக ரொம்ப வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. யாரோ ஒருவரின் பீர் ஆல்வினின் தலையில் கவிழ்ந்தது. அது ஒன்றுதான் அன்றைக்குக் கிடைத்த நியாயம்.

பெர்னிஸ் மேடைக்கே வந்துவிட்டாள். “நிறுத்துங்க சார். பெரிய மனுசன், சொல்லக் கூடாது. ஆனா அந்த எடத்துல தப்புப் பண்றீங்க.”

“எந்த இடத்துல?”

“குதிக்கிற எடத்துல. தேவையில்லாம என்னமோ இழுக்கறீங்க.”

“அம்மா, இது நான் எழுதின பாட்டு.”

“இருக்கட்டும். எழுதி ரொம்ப நாளாச்சில்ல, மறந்திருக்கும். நாங்க வாராவாரம் ஆடறோம்.”

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எங்கள் ஊரில் பாடினவரையே கோணல் ஆக்கிவிட்டார்கள். பெர்னிஸ் கம்பீரமாகப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒரு நிமிஷத்தில் தரை காலி. இருநூறு பேர் கையைக் கட்டிக்கொண்டு ராய்ஸைப் பார்த்தார்கள். அவர் கையில் கிதார் இருந்தது, வேறு ஒன்றும் இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அத்தனை பேரையும் தீவன மூட்டையில் போட்டுத் தைத்திருப்பேன்.

அப்போது ஆல்வின், தலையில் பீர் சொட்டச் சொட்ட, உதவி செய்கிறேன் என்று கிளம்பினான். அவன் உதவுகிறேன் என்றாலே நான் கும்பிடு போடுவேன். “ஒண்ணும் பிரச்சினை இல்ல சார், இப்படித்தான் போகும், கேட்டுக்கங்க” என்று நேரே போய் ஜூக்பாக்ஸைத் தட்டிவிட்டான். ராய்ஸ், “வேணாம், வேணாம்” என்று கையை நீட்டினார். அதற்குள் பாட்டு வந்துவிட்டது. பெஞ்சுகள் காலியாயின. ஊர் ஆடியது. நானே சொல்கிறேன், அழகாக ஆடியது. பல்லவி வந்தது. “விளக்கை அணைக்காதே...” டிக். அத்தனை பேரும் ஒன்றாகக் குதித்து ஒன்றாக இறங்கினார்கள், மண்டபமே ஒருமுறை அதிர்ந்தது.

ரூத் எழுந்துவிட்டார். இரண்டாவது பல்லவி வரைக்கும் நின்றபடி கேட்டார். டிக். குதிப்பு. பாட்டு முடிந்தது. கைப்பையைப் பெஞ்சில் வைத்துவிட்டு, சோளமாவுத் தரையின் நடுவே நடந்துபோய் பெர்னிஸ் முன்னால் நின்றார்.

“அந்த இடத்துல என் பேரு இருக்கணும்” என்றார்.

“எந்த எடத்துல?”

“நீங்க எல்லாரும் குதிக்கற இடத்துல. ரூத்னு ஒரு பேரு. அது நான்தான்.”

பெர்னிஸ் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. லிபோவா சரித்திரத்தில் இது முதல்முறை, அந்த ஆராய்ச்சிக்காரர் இதையல்லவா டேப்பில் பிடித்திருக்க வேண்டும்!

“என் பேரச் சொல்லி ஊரே ஆடுதுன்னு இந்த மனுசன் முப்பது வருஷமா சொல்லிட்டிருக்கார். நீங்க என்னடான்னா என் பேருமேல ஏறிக் குதிச்சிட்டு இருந்திருக்கீங்க.”

ராய்ஸ் மைக்கை விட்டு விலகி நின்று, “போகட்டும் ரூத். நான் அவங்க மாதிரியே பாடிடறேன்” என்றார். குரல் தரையோடு தரையாகக் கிடந்தது.

“நீ சும்மா இரு.” திரும்பிக்கூடப் பார்க்கவில்லை அந்த அம்மா. பெர்னிஸிடம், “குதிக்கறத யாரு வேணாம்னா? நல்லாத்தான் குதிக்கிறீங்க. குதிச்சு வலது கால்ல இறங்குங்க. இடது காலக் கீழ வைக்காதீங்க. இவர் என் பேர முடிச்சப்புறம் வைங்க” என்றார்.

“ரெண்டு தட்டு ஒத்தக் கால்லயா? எனக்கு முட்டி வலி.”

“எனக்குந்தான்.”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ஏற இறங்கப் பார்த்துக்கொண்டார்கள். கோழிச் சண்டைக்கு முன்னால் இப்படித்தான் இருக்கும். பிறகு பெர்னிஸ் கையை நீட்டினாள். “வாங்க. லிபோவாக்காரி ஒத்தக் கால்ல நிக்க மாட்டான்னு எவளும் சொல்லிடக் கூடாது.” லாடிஸ் நிம்மதியாகப் பெஞ்சைப் பார்த்து நடந்தான்.

நான் தாளத்தைப் பிடித்தேன். ராய்ஸ் பாடினார். தரையில் இரண்டு கிழவிகள் மட்டும், நீல கவுனும் பச்சைப் பாவாடையும். பிறகு ஒரு ஜோடி எழுந்தது. தலைவி எழுந்தபின் செம்மறிகள் உட்கார்ந்திருக்குமா? பல்லவிக்குள் தரை நிறைந்துவிட்டது. “விளக்கை அணைக்காதே...” குதித்தார்கள். இடது கால் கீழே வரவில்லை. இரண்டு தட்டு. ஆடினார்கள், தள்ளாடினார்கள், பக்கத்தில் நின்றவர்களைப் பிடித்துக்கொண்டார்கள், ஓரிருவர் விழுந்தார்கள். ஆனால் பேர் முழுசாகக் கேட்டது. “...ரூத்.” அதன் பிறகே கால்கள் இறங்கின. பாட்டும் காலும் ஒன்றாகவே போயின.

இரண்டாவது பல்லவி வந்தது. எல்லாருக்கும் பிடிபட்டுவிட்டது. “விளக்கை அணைக்காதே...” ஊரே குதித்து, ஊரே ஒற்றைக் காலில் நின்றது. நான் குச்சியைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தேன்.

பேர் வரவில்லை.

ராய்ஸ் வாயைத் திறந்தபடி மைக் முன்னால் நிற்கிறார். கண்ணில் பொலபொலவென்று நீர். சத்தம் வரமாட்டேன் என்கிறது. ஒரு தட்டு போயிற்று, இரண்டு போயிற்று, மூன்று போயிற்று. நான் குச்சியை இறக்கவில்லை. எர்வின்கூட விரல்களை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பெரிய மண்டபத்தில் இருநூறு பேர் இடது காலைத் தூக்கிக்கொண்டு, கொக்குகள் மாதிரி, அந்த ஒரு மனிதரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

பெர்னிஸுக்குப் பொறுக்கவில்லை. “ரூத்!” என்று கத்தினாள். சுருதியாவது மண்ணாவது, கன்றுக்குட்டியைக் கூப்பிடுகிற குரல் அது. “ரூத்துன்னு சொல்லித் தொலைங்களேன் சார், முட்டி போகுது!”

உடனே ஊரே கத்தியது. “ரூத்!”

ரூத் ஒரு கையால் பெர்னிஸின் தோளைப் பிடித்துக்கொண்டு, காலை இறக்காமல், மேடையைப் பார்த்தார்.

“கேட்டுச்சுய்யா” என்றார். “நீ பாடு.”